கியர் உடைந்தால் பிரேக்கையும் மாற்றுவதா?

ஓசூரில் ஒரு சைக்கிள் கடை. மாலை ஆறு மணி. சிப்காட் கம்பெனி பஸ்கள், ஷிப்டு முடிந்த தொழிலாளர்களை இறக்கிவிட்டுப் போகின்றன.

கடைக்கு ஒரு தாய் வருகிறார். கூடவே அவருடைய மகன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் தள்ளிக்கொண்டு வருவது ஒரு கியர் சைக்கிள்.

"அண்ணா, கியர் விழ மாட்டேங்குது. என்னன்னு பாருங்க" என்கிறார் தாய்.

கடைக்காரர் குனிந்து பார்க்கிறார். வலது கைப்பிடியில், கட்டைவிரலால் தள்ளும் சிறிய பிளாஸ்டிக் துண்டு முறிந்து கிடக்கிறது.

"கியர் லிவர் உடைஞ்சிருக்கு அக்கா. இதைத் தனியா மாத்த முடியாது. பிரேக்கும் இதுவும் ஒரே செட்டு. முழு செட்டாத்தான் வாங்கணும்."

"பிரேக் நல்லாத்தானே பிடிக்குது?"

"நல்லாத்தான் பிடிக்குது. ஆனா ரெண்டும் சேர்ந்து வந்ததாச்சே!"

தாயின் முகம் வாடுகிறது. மகன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

உடைந்தது ஒன்று. தூக்கி எறிவது இரண்டு. இது என்ன கணக்கு?

ஓசூரில் மட்டும் கேட்கப்படும் கேள்வி அல்ல இது. கிருஷ்ணகிரியில் கேட்கிறார்கள். சென்னையில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் லட்ச ரூபாய் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்!

கைப்பிடியில் என்ன இருக்கிறது?

மலைப் பாதையில் ஓட்டுவதற்காக வந்தது 'மவுண்டன் பைக்'. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், பல கியர்கள். இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இந்த மாதிரி சைக்கிளைத்தான் கேட்கிறார்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரம் மேடும் பள்ளமுமான பூமி. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டில் மிதிக்கும்போது கியரின் அருமை தெரியும். கியர் சைக்கிள் வேண்டும் என்று பிள்ளை கேட்பதில் தவறு இல்லை.

இந்த சைக்கிளின் ஹேண்டில்பாரில் வலது பக்கம் ஒரு பிரேக் லிவர் இருக்கும். அதன் அருகே பின் சக்கரக் கியரை மாற்றும் லிவர். இடது பக்கம் இன்னொரு பிரேக் லிவர். பெடல் பக்கம் உள்ள முன் கியரை மாற்ற ஒரு லிவர்.

பழைய வழக்கப்படி இந்த நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பிடிப்பு வளையம் உண்டு. அதை ஹேண்டில்பாரில் மாட்டித் திருகினால் தீர்ந்தது வேலை.

கைப்பிடி வரும் இடத்தில் ஹேண்டில்பாரின் கனம் 22.2 மில்லி மீட்டர். அங்குலக் கணக்கில் முக்காலே அரைக்கால். ஜப்பானில் செய்தாலும், லூதியானாவில் செய்தாலும், இந்த மாதிரி சைக்கிளுக்கு இந்த அளவு மாறுவது இல்லை.

அதனால்தான் ஒரு கம்பெனி பிரேக்கையும், வேறொரு கம்பெனி கியர் லிவரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட முடிந்தது. இரண்டு கம்பெனிகளும் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அந்த உருண்டைக் குழாய் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

ஒன்றாகச் சேர்த்தார்கள்

பிறகு கம்பெனிகள் ஒரு காரியம் செய்தன. பிரேக்கையும் கியரையும் சேர்த்துவிட்டன.

இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை ஒரே கட்டி. பிரேக் லிவரும் கியர் லிவரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பிரிக்க முடியாது. சாதாரண விலையுள்ள சைக்கிள்களில் இதை நிறையப் பார்க்கலாம். கடைக்கு வந்த அந்தச் சிறுவனின் சைக்கிளில் இருப்பதும் இதுதான்.

இரண்டாவது வகை விலை உயர்ந்த சைக்கிள்களில் வருவது. பிரேக்கும் கியரும் தனித்தனிப் பொருள்களே. ஆனால் கியர் லிவருக்குச் சொந்த வளையம் கிடையாது. பிரேக்கின் வளையத்திலேயே ஒரு கொக்கியோ திருகோ போட்டு அதைத் தொங்கவிடுவார்கள். ஒரு வளையம், இரண்டு லிவர்!

ஜப்பானில் சகாய் நகரில் 1921ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஷிமானோ கம்பெனி, தன்னுடைய இணைப்புக்கு 'ஐ-ஸ்பெக்' என்று பெயர் வைத்தது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ராம் கம்பெனி, தன்னுடையதற்கு 'மேட்ச்மேக்கர்' என்று பெயர் வைத்தது.

மேட்ச்மேக்கர் என்றால் கல்யாணத் தரகர். ஆனால் இந்தத் தரகர் சொந்தத்துக்குள்தான் சம்பந்தம் பேசுவார். ஷிமானோ பிரேக்கில் ஸ்ராம் கியர் நேராக உட்காராது. ஸ்ராம் பிரேக்கில் ஷிமானோ கியர் நேராக உட்காராது.

அதாவது போகட்டும், போட்டிக் கம்பெனி. ஒரே கம்பெனிக்குள்ளாவது பொருந்துகிறதா?

ஐ-ஸ்பெக் என்று ஒன்று வந்தது. அதற்குப் பிறகு 'பி' என்று ஒன்று வந்தது. 2014ஆம் ஆண்டு 'இரண்டு' என்று ஒன்று. 2018ஆம் ஆண்டு 'ஈ.வி.' என்று ஒன்று. இவற்றில் ஒன்றுக்காகச் செய்த கியர் லிவர் மற்றொன்றில் நேராகப் பொருந்தாது. பெயர் ஒன்று. குடும்பம் ஒன்று. ஆனால் அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகாது!

நன்மை இல்லையா?

கம்பெனிகளின் பக்கமும் பேச வேண்டும். அவர்கள் காரணம் இல்லாமல் இதைச் செய்யவில்லை.

இரண்டு வளையத்துக்குப் பதிலாக ஒன்று என்றால் எடை குறைகிறது. ஹேண்டில்பாரில் இடம் மிச்சம். பார்வைக்கும் சுத்தமாக இருக்கிறது. தொழிற்சாலையில் பொருத்தும் வேலையும் சீக்கிரம் முடிகிறது.

விரலுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு லிவர்களும் இருப்பது ஓட்டுகிறவருக்கு நல்லது. கரடுமுரடான பாதையில் கையை எடுக்காமல் கியர் மாற்றலாம், பிரேக்கும் பிடிக்கலாம்.

இவையெல்லாம் உண்மை. ஆகவே, சேர்த்தது தவறு என்று சொல்வதற்கு இல்லை. மற்றவருக்கு வழி விடாமல் சேர்த்ததுதான் தவறு.

கை எல்லோருக்கும் ஒரே அளவா? பெரியவர் கை வேறு. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கை வேறு. தனித்தனி வளையம் இருந்தால் பிரேக்கை ஒரு பக்கம் தள்ளலாம். கியரை இன்னொரு பக்கம் திருப்பலாம். ஒரே கட்டியாக இருந்தால் ஒன்றை நகர்த்தும்போது மற்றதும் கூடவே நகர்ந்துவிடும். இரண்டாவது வகையில் கொஞ்சம் நகர்த்த இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நகர்வுக்கு ஒரு எல்லை உண்டு.

2003ஆம் ஆண்டுவாக்கில் ஷிமானோ இன்னொரு படி மேலே போனது. பிரேக் லிவரையே மேலும் கீழும் தள்ளினால் கியர் மாறும்படி ஒரு மலை சைக்கிள் லிவரைக் கொண்டுவந்தது. மலைப் பாதையில் ஓட்டுகிறவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. தனித்தனி லிவர்கள் மறுபடியும் வந்தன. பயன்படுத்துகிறவர் வேண்டாம் என்றால் பெரிய கம்பெனியும் இறங்கி வரத்தான் வேண்டும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

கோர்ட்டு ஏறிய வழக்கு

இந்தச் சேர்க்கைக்குப் பின்னால் வியாபாரமும் உண்டு.

ஒரு கம்பெனியின் கியர் வேண்டும் என்றால் அதே கம்பெனியின் பிரேக்கையும் எடுக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. ஒன்று கேட்டு வந்தவருக்கு இரண்டு விற்கலாம். போட்டிக் கம்பெனிக்கு இடமே இல்லாமல் செய்யலாம்.

1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. அப்போது ஸ்ராம் சின்னக் கம்பெனி. கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் கருவி ஒன்றுதான் அதன் சரக்கு. ஷிமானோவோ பெரிய கம்பெனி. சைக்கிள் செய்கிறவர்கள் எல்லாப் பாகங்களையும் ஷிமானோவிடமே வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைப்பது போன்ற நிலை இருக்கிறது, இது நியாயமான வியாபாரம் அல்ல என்பது ஸ்ராமின் குற்றச்சாட்டு. 1991ஆம் ஆண்டு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதன் விவரம் வெளியிடப்படவில்லை.

அந்த ஸ்ராம் இன்று பெரிய கம்பெனி. கதவை அடைத்தார்கள் என்று அன்று வழக்குப் போட்டது. இன்று அதுவும் தனக்கென்று தனி இணைப்பு வைத்திருக்கிறது!

இந்த இரண்டு பெரிய கம்பெனிகளுக்கும் நடுவே சில சின்னக் கம்பெனிகள் பிழைக்கின்றன. ஒருவருடைய பிரேக்கில் மற்றவருடைய கியரை மாட்டுவதற்கு இடைத்துண்டு செய்து விற்பதுதான் அவர்கள் தொழில். அமெரிக்காவில் அப்படி வரும் ஒரு துண்டுக்கு 'மிஸ்மேட்ச்' என்றே பெயர். 'பொருந்தாச் சம்பந்தம்' என்று அர்த்தம். பொதுவான ஓர் அளவு இருந்திருந்தால் இந்தத் துண்டுக்கு வேலையே இருக்காது.

தாத்தாவின் சைக்கிள்

நம் வீடுகளில் இருந்த பழைய கறுப்பு சைக்கிளை நினைத்துப் பாருங்கள்.

1949ஆம் ஆண்டு சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1956ஆம் ஆண்டு லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் தொடங்கியது. கம்பெனிகள் வேறு. பெயர்கள் வேறு. ஆனால் டயர் வெடித்தால் எந்தக் கம்பெனி டயரும் பொருந்தும். பெடல் தேய்ந்தால் எந்தப் பெடலும் ஏறும். பிரேக் கட்டை, செயின், பிரீவீல் எல்லாம் அப்படித்தான்.

அதனால்தான் கிராமத்து வேப்பமரத்தடியில் நாலு ஸ்பேனரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்திருந்தவர் எந்த சைக்கிளையும் ரிப்பேர் செய்தார். அவர் கம்பெனிப் பள்ளியில் படித்தவர் அல்ல. அளவுகள் ஒன்றாக இருந்ததால் அவருடைய அனுபவம் போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் மாணவ மாணவிகளுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிளும் இந்த மாதிரி எளிய சைக்கிள்தான். கியர் இல்லை. ஆனால் ரிப்பேர் செய்ய முடியாத ஊர் இல்லை.

கியர் வந்தது முன்னேற்றம். அந்த முன்னேற்றத்தோடு ரிப்பேர் செய்யும் உரிமை பறிபோக வேண்டுமா?

ஓசூர் காட்டிய வழி

இதற்கு விடை ஓசூரிலேயே இருக்கிறது.

மின்சார ஸ்கூட்டர்கள் வந்தபோது இதே தகராறு வந்தது. ஒரு கம்பெனி வண்டியின் சார்ஜ் ஒயர் இன்னொரு கம்பெனி வண்டியில் நுழையாது. வழியில் சார்ஜ் போடும் இடம் இருந்தும் சார்ஜ் போட முடியாது.

ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஏதர் கம்பெனி 2021ஆம் ஆண்டு ஓர் அறிவிப்பு செய்தது. தான் வடிவமைத்த சார்ஜ் இணைப்பை மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்றது. ஹீரோ மோட்டோகார்ப் கம்பெனியின் 'விடா' வண்டி அதை ஏற்றுக்கொண்டது. 2023ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனம், இந்த இணைப்பின் அடிப்படையில் சின்ன மின்சார வண்டிகளுக்கு ஓர் இந்தியத் தர அளவை வெளியிட்டது.

ஏதர் வண்டி ஏதர் வண்டியாகவே இருக்கிறது. விடா விடாவாகவே இருக்கிறது. இரண்டுக்கும் போட்டியும் குறையவில்லை. ஒயர் நுழையும் வாய் மட்டும் பொதுவானது.

செல்போனிலும் இது நடந்தது. ஐரோப்பிய நாடுகளில் 2024 டிசம்பர் 28 முதல், புதிதாக விற்கும் செல்போன்களுக்கு 'டைப் சி' என்ற ஒரே மாதிரி சார்ஜ் வாய் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஸ்கூட்டருக்கு முடிந்தது. செல்போனுக்கு முடிந்தது. சைக்கிள் கைப்பிடிக்கு முடியாதா?

பிரேக்கை எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள். கியரை எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள். அது உங்கள் திறமை. ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் உள்ள கொக்கியும் திருகுத் துளையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். அதன் அளவைப் பகிரங்கமாக வெளியிடுங்கள். நியாயமான கோரிக்கை இது ஒன்றுதான்.

'பாடுபட்டுக் கண்டுபிடித்ததை ஏன் பொதுவாக்க வேண்டும்?' என்று கேட்கலாம். கண்டுபிடிப்பு கியருக்குள் இருக்கிறது, பிரேக்குக்குள் இருக்கிறது. அதற்குக் காப்புரிமை இருக்கட்டும். வீட்டுக்குப் பூட்டுப் போடலாம். தெருவுக்குப் பூட்டுப் போடலாமா?

அளவு வெளியானால் இன்னொரு லாபமும் உண்டு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சின்னச் சின்ன பட்டறைகள் நிறைய. பெரிய மோட்டார் கம்பெனிகளுக்கு மில்லி மீட்டர் பிசகாமல் பாகங்கள் செய்து கொடுக்கும் கைகள் அங்கே இருக்கின்றன. ஒரு பிடிப்பு வளையம் செய்வது அவர்களுக்குப் பெரிய காரியமா?

மத்திய அரசு 2022ஆம் ஆண்டு 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் போன்ற மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஏழை வீட்டு வாகனமாகிய சைக்கிளையும் ஐந்தாவதாகச் சேர்ப்பது நல்லது.

உயிர் சம்பந்தப்பட்டது

இது பணத்தோடு நிற்கும் விஷயம் அல்ல. ஒரு பாதி பிரேக் என்பதை மறந்துவிடக் கூடாது.

சரியான செட்டு கிடைக்காதபோது, கிடைத்த லிவரை மாட்டிவிடுவது உண்டு. இதில் ஆபத்து இருக்கிறது. சக்கர விளிம்பை இரு பக்கமும் நீண்ட கைகளால் பிடிக்கும் 'வி-பிரேக்'குக்கு, லிவர் ஒயரை அதிகமாக இழுக்க வேண்டும். பழைய மாதிரி காலிப்பர் பிரேக்குக்கு அதில் ஏறக்குறையப் பாதி இழுத்தால் போதும். மாற்றிப் போட்டால் ஒன்று, லிவர் கைப்பிடியில் போய் முட்டும். அல்லது எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. கடையில் நிற்கும்போது இது தெரியாது. இறக்கத்தில் லாரி எதிரே வரும்போது தெரியும்!

எண்ணெய் பிரேக் என்றால் இன்னும் கவனம் தேவை. சில பிரேக்குகளுக்கு மினரல் எண்ணெய். சிலவற்றுக்கு 'டாட்' திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுவிடும். தளர்ந்த லிவரைக் கம்பியாலும் பிளாஸ்டிக் நாடாவாலும் கட்டி ஓட்டுவதும் கூடாது.

வாங்கும் முன் கேளுங்கள்

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை பெற்றோர் என்ன செய்வது? வண்டியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் கைப்பிடியைப் பாருங்கள்.

பிரேக்கும் கியரும் தனித்தனியா, ஒரே கட்டியா என்று கேளுங்கள். விலை ஒன்று போல இருந்தால் தனித்தனியாக உள்ளதை எடுங்கள்.

பிரேக்கோடு கொக்கி போட்ட கியர் என்றால், அதே கியருக்குத் தனி வளையம் கிடைக்குமா என்று கேளுங்கள். பல மாடல்களுக்குத் தனி வளையத்தோடு கூடிய கியர் லிவரும் விற்பனையில் உண்டு.

பின்னால் எத்தனை கியர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏழு கியர் சக்கரத்துக்கு ஆறு கியர் லிவர் சரிவராது.

பிரேக் எந்த வகை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரே கட்டி சைக்கிளை ஏற்கெனவே வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். கியர் உடைந்தாலும் பிரேக் நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம். உடைந்த கியரிலிருந்து ஒயரை மட்டும் கழற்ற வேண்டும். பக்கத்திலேயே தனி வளையம் உள்ள கட்டைவிரல் லிவர் ஒன்றை மாட்டலாம். சொடுக்கு இல்லாத பழைய மாதிரி லிவர் உண்டு. அதற்கு ஆறு கியர், ஏழு கியர் என்ற பேதம் இல்லை. கை பழகக் கொஞ்ச நாள் ஆகும். அவ்வளவுதான்.

ஓசூர்க் கடைக்காரரும் கடைசியில் அதைத்தான் செய்தார். முழு செட்டு வாங்க முடியாது என்பது தாயின் முகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பழைய டப்பாவைத் துழாவி ஒரு கட்டைவிரல் லிவரை எடுத்தார். 22.2 மில்லி மீட்டர் குழாயில் அது ஒழுங்காக உட்கார்ந்தது.

"தம்பி, சொடுக்குச் சத்தம் கேக்காது. செயின் சத்தத்தைக் கேட்டு நிறுத்திக்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

சிறுவன் ஏறி மிதித்தான். கியர் விழுந்தது. பிரேக்கும் பிடித்தது.

எந்தக் கம்பெனியும் தனக்கென்று பூட்டிக்கொள்ளாத அந்த உருண்டைக் குழாய்தான் அன்று அந்தக் குடும்பத்தின் பணத்தை மிச்சப்படுத்தியது. பிரேக்கும் கியரும் சேரும் இடமும் அப்படியே பொதுவாகட்டும். கம்பெனிகள் தாமாகச் செய்தால் பெருமை. செய்யாவிட்டால், அரசு செய்ய வைக்க வேண்டும்.